எட்டாம் ஹென்றி கையெழுத்துப் போட்டாரா?

சொத்துத் தகராறில் உயில் ஒன்று கோர்ட்டுக்கு வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது கையெழுத்தைத்தான். 1567 ஜனவரியில் ஒரு ஸ்காட்லாந்து மந்திரியும் அதையே செய்தார். அங்கே தகராறில் இருந்த சொத்து இங்கிலாந்து ராஜ்யம்.

மந்திரியின் பெயர் வில்லியம் மெயிட்லண்ட். ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட்டின் செயலர். எலிசபெத் அரசியின் செயலரான வில்லியம் செசிலுக்கு அவர் எழுதிய கடிதத்தை, பிஷப் கில்பர்ட் பர்னெட் தம் சீர்திருத்த வரலாற்று நூலில் அச்சிட்டிருக்கிறார். நான் அதை அங்கேதான் முதலில் படித்தேன். பழைய ஆவணங்களுக்குள் புதிதாக நுழைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-ஆம் தேதி. ஆகவே ஜனவரி 1566 என்று தேதியிட்ட கடிதம் நம் கணக்கில் 1567-ஐச் சேர்ந்தது. இது தெரியாமல் தேடினால் ஓராண்டு தள்ளிப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

கடிதத்தின் சாரம் இது: எட்டாம் ஹென்றியின் உயிலை வைத்துக்கொண்டு எங்கள் அரசிக்கு வாரிசுரிமை இல்லை என்கிறீர்கள். அந்த உயிலில் மன்னர் தம் கையால் கையெழுத்திடவில்லை. அவர் சாகக் கிடந்தபோது முத்திரை குத்தியிருக்கிறார்கள். மூலத்தைக் கொண்டுவாருங்கள். அன்று அரண்மனையில் இருந்தவர்களில் உயிரோடிருப்பவர்களைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

இதைப் படித்த பிறகு மற்ற வேலை ஓடவில்லை. மெயிட்லண்ட் சொன்னது அரசியல் வாதமா, உண்மையா? இருபது ஆண்டு கழித்து எதிர்த்தரப்புக்காரர் எழுப்பிய புகார் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் புகாரில் சாட்சிகளின் பெயர்கள் இருந்தன. பொய் சொல்கிறவன் பொதுவாக சாட்சியைக் கூப்பிடச் சொல்வதில்லை.

குடும்பக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹென்றிக்கு முதல் மனைவியிடம் மேரி, இரண்டாம் மனைவியிடம் எலிசபெத், மூன்றாம் மனைவியிடம் எட்வர்ட். 1536-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மகள்களும் முறையற்ற பிறப்பு. 1544-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் எட்வர்டுக்குப் பின் மேரி, அவருக்குப் பின் எலிசபெத் என்று வரிசையில் சேர்த்தது. முறையற்ற பிறப்பு என்ற பட்டத்தை மட்டும் நீக்கவில்லை. ஹென்றிக்கு இரண்டு சகோதரிகள். மூத்தவர் மார்கரெட் ஸ்காட்லாந்துக்கு வாழ்க்கைப்பட்டவர். அவருடைய பேத்திதான் மேரி ஸ்டூவர்ட். இளையவர் வழியில் ஃபிரான்சிஸ், எலினோர் என்று இரண்டு பெண்கள். ஃபிரான்சிஸின் மகள்கள் ஜேன் கிரே, கேத்தரின் கிரே, மேரி கிரே. கதை முழுக்க மேரிகள். அதற்கு நான் பொறுப்பில்லை.

1544 சட்டத்தில்தான் கண்ணி இருக்கிறது. தம் மூன்று பிள்ளைகளுக்கும் வாரிசு இல்லாமல் போனால் மகுடம் யாருக்கு என்பதை மன்னரே தீர்மானிக்கலாம் என்று அது அதிகாரம் கொடுத்தது. அரச சாசனம் வழியாகச் செய்யலாம், அல்லது உயில் வழியாகச் செய்யலாம். உயில் என்றால் அதில் மன்னர் தம் சொந்தக் கையால் ஒப்பமிட்டிருக்க வேண்டும். அந்தக் 'கை' என்ற நிபந்தனையைத்தான் மெயிட்லண்ட் பிடித்துக்கொண்டார்.

ஹென்றியின் உயில் அழியவில்லை. லண்டனின் மேற்குப் பகுதியில், கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ஈ 23/4' என்ற எண்ணில் இருக்கிறது. தேதி 1546 டிசம்பர் 30. தாள்களைச் சேர்த்துத் தைத்த சிறு புத்தகம் போன்ற அமைப்பு. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று மன்னரின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. மூத்த சகோதரியின் ஸ்காட்லாந்துக் கிளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எலிசபெத்துக்கு அடுத்து ஃபிரான்சிஸின் வாரிசுகள், அவர்களுக்கு அடுத்து எலினோரின் வாரிசுகள். மூத்தவள் வீட்டை மன்னர் அப்படியே தாண்டிப் போய்விட்டார்.

நான் நேரம் செலவிட்டது கடைசிப் பக்கத்துச் சாட்சிகளிடம். அரண்மனை மருத்துவர்கள் ஜார்ஜ் ஓவன், தாமஸ் வெண்டி, ராபர்ட் ஹியூக் மூவரும் இருக்கிறார்கள். மன்னருக்கு முகம் மழித்த எட்மண்ட் ஹார்மனும் இருக்கிறார். பிரபுக்கள் யாருமில்லை, எல்லாரும் படுக்கையறையைச் சுற்றி இருந்தவர்கள். பட்டியலின் முதல் பெயர் ஜான் கேட்ஸ். கடைசிப் பெயர் வில்லியம் கிளார்க். இந்த இரண்டு பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹென்றிக்குக் கடைசிக் காலத்தில் உடம்பு பெருத்து, காலில் ஆறாத புண். கோப்புகளில் ஒப்பமிடுவதே அவருக்குத் தொல்லையாக இருந்தது. 1545 செப்டம்பரில் ஒரு ஏற்பாடு வந்தது. மன்னரின் கையெழுத்தைப் போலவே செதுக்கிய அச்சு ஒன்று. அதற்கு உலர் முத்திரை என்று பெயர். மை தொடாமல் தாளில் அழுத்தினால் கையெழுத்தின் வடிவம் பள்ளமாகப் பதியும். பிறகு ஒரு எழுத்தர் பேனாவால் அந்தப் பள்ளத்தின் மேல் மை ஓட்டுவார். பார்ப்பவர் கண்ணுக்கு மன்னரே எழுதியது போல இருக்கும். இந்த அச்சைப் பயன்படுத்த மூன்று பேருக்கு அதிகாரம் இருந்தது: ஆண்டனி டென்னி, ஜான் கேட்ஸ், வில்லியம் கிளார்க். மன்னரின் கையெழுத்தைப் போலி செய்வது ராஜத்துரோகம் என்பதால் அவர்களுக்கு முறையாக மன்னிப்பும் வழங்க வேண்டியிருந்தது. அதிகாரத்தோடு சேர்த்தே குற்றத்துக்கு மன்னிப்பு! அரசாங்க வேலையின் அழகு இதுதான்.

ஆக, அச்சு வைத்திருந்த மூவரில் இருவர் உயிலின் சாட்சிப் பட்டியலில் முதலும் கடைசியுமாக நிற்கிறார்கள். மூன்றாமவரான டென்னி, உயிலை நிறைவேற்ற நியமிக்கப்பட்ட 16 பேரில் ஒருவர். மெயிட்லண்டின் சந்தேகம் காற்றில் பிறந்ததில்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

ஆனால் சந்தேகத்துக்கு இடம் இருப்பது வேறு, ஆதாரம் வேறு. உயிலின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் பயனில்லை. மை ஓடிய பிறகு பள்ளத்தைப் படம் காட்டாது. அச்சும் மன்னரின் அசல் கையெழுத்தைப் பார்த்துச் செதுக்கியதுதானே. கணக்குப் புத்தகம்தான் கைகொடுத்தது. முத்திரை குத்திய ஆவணங்களை எல்லாம் மாதந்தோறும் பட்டியலிட்டு வைப்பது கிளார்க்கின் கடமை. அந்தப் பட்டியல்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஹென்றி காலத்து ஆவணங்களைச் சுருக்கி அச்சிட்ட பெருந்தொகுப்பின் 21-ஆம் தொகுதி, இரண்டாம் பாகத்தில் அவற்றைப் பார்க்கலாம். நிலத் தானம், பதவி நியமனம், மானியம் என்று அலுப்பூட்டும் வரிசை. 1547 ஜனவரிப் பட்டியலின் வால் பகுதிக்கு வரும்போது திடீரென்று தூக்கம் கலைகிறது. மன்னரின் உயில் அங்கே இருக்கிறது.

மெயிட்லண்ட் சொன்னது சரி. உயிலில் குத்தியது முத்திரை. அதைக் குத்தியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பதிவு மற்றவற்றை விட நீளமானது. உயிலின் தேதி டிசம்பர் 30 என்று சொல்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒப்பம் இருப்பதைச் சொல்கிறது. ஹார்ட்ஃபர்ட் பிரபு எட்வர்ட் சீமோர், செயலர் பேஜெட், டென்னி, வில்லியம் ஹெர்பர்ட் ஆகியோர் உடனிருந்ததைச் சொல்கிறது. அதற்கு மேலும் போய், மன்னர் எல்லார் கண் முன்னாலும் தம் கையாலேயே உயிலை ஹார்ட்ஃபர்டிடம் கொடுத்தார் என்று சேர்க்கிறது. கையெழுத்துப் போடாத கை, கொடுத்ததற்கு மட்டும் சாட்சி! நில மானியப் பதிவுகளில் இப்படி யாரும் விளக்கம் எழுதவில்லை. கிளார்க் எதிர்காலத்துக் கேள்வி ஒன்றுக்கு முன்கூட்டியே பதில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி அடுத்த முடிச்சு. உயிலின் தேதி டிசம்பர் 30. பதிவு ஜனவரிப் பட்டியலில். ஹென்றி இறந்தது ஜனவரி 28. ஏன் இந்த இடைவெளி? டிசம்பர் 30-இலேயே முத்திரை குத்தி, மாதக் கணக்கு எழுதும்போது சேர்த்துக்கொண்டிருக்கலாம். அல்லது உயில் ஒப்பமில்லாமல் கிடந்து, மன்னர் பேச்சு மூச்சில்லாமல் போகும் வேளையில் அவசரமாகக் குத்தியிருக்கலாம். அப்படியென்றால் நடுவில் யாராவது எதையாவது நுழைத்திருக்கவும் வழி உண்டு. எரிக் ஐவ்ஸ் முதலிய வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றி விரிவாகவே சண்டை போட்டிருக்கிறார்கள்.

சந்தேகப்படுகிறவர்கள் கையில் எடுக்கும் கடிதம் ஒன்று உண்டு. மன்னர் இறந்த செய்தியை ஜனவரி 31 வரை வெளியே விடவில்லை. 29-ஆம் தேதி விடியற்காலை மூன்றுக்கும் நான்குக்கும் இடையில், சிறுவன் எட்வர்டை அழைத்துவரப் போன இடத்திலிருந்து ஹார்ட்ஃபர்ட், பேஜெட்டுக்கு எழுதுகிறார். உயில் இருக்கும் பெட்டியின் சாவி ஹார்ட்ஃபர்டிடம் இருக்கிறது. உயிலில் எவ்வளவு பகுதியை ஊருக்குச் சொல்வது என்பதை நாம் கூடிப் பேசி முடிவு செய்வோம், எல்லாவற்றையும் சொல்வது உசிதமாகப் படவில்லை என்கிறார். உயில் 16 பேரைச் சம அதிகாரத்தோடு நியமித்திருந்தது. சிறுவன் சார்பில் ஆளும் காப்பாளர் என்று தனியாக யாரையும் குறிப்பிடவில்லை. ஜனவரி 31-ஆம் தேதியே ஹார்ட்ஃபர்ட் காப்பாளர் ஆகிவிட்டார். மன்னர் வாக்களித்து, நிறைவேற்றாமல் விட்ட தானங்களை நிறைவேற்றலாம் என்றும் உயிலில் ஒரு பிரிவு இருந்தது. யாருக்கு என்ன வாக்களித்தார் என்பதற்குச் சாட்சி பேஜெட்டின் ஞாபகசக்தி! நிலமும் பட்டமும் மழையாகக் கொட்டின.

இவ்வளவையும் பார்த்த பிறகும், வாரிசு வரிசையை யாரோ திருத்தினார்கள் என்று நான் நம்பவில்லை. ஸ்காட்லாந்துக் கிளையை ஒதுக்குவதில் 1547-இல் ஹார்ட்ஃபர்டுக்குத் தனி லாபம் ஏதுமில்லை. ஸ்காட்லாந்தோடு ஹென்றி கடைசிக் காலத்தில் நடத்திய சண்டையைப் பார்த்தால் அந்த ஒதுக்கல் அவருடைய கோபம்தான். எண்ணம் மன்னருடையது, கை மட்டும் கிளார்க்குடையது. ஆனால் சட்டம் கேட்டது கையை.

இதற்கு நேர் எதிரான தாள் ஒன்று லண்டன் இன்னர் டெம்பிள் நூலகத்தில் இருக்கிறது. லண்டன் டவர் கோட்டை ஆவணங்களின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் பெட்டிட் சேர்த்து வைத்த தொகுப்பில் அது வருகிறது. எழுதியவர் ஆறாம் எட்வர்ட். ஒன்பது வயதில் அரசரானவர், 1553-இல் பதினைந்து வயதில் நெஞ்சு நோயில் செத்துக்கொண்டிருந்தார். சகோதரி மேரி கத்தோலிக்கர். மகுடம் அவருக்குப் போகக் கூடாது. எலிசபெத்தையும் சேர்த்தே விலக்கியாக வேண்டும். தமக்குப் பின் யார் என்று அந்தப் பையன் தம் கைப்பட எழுதிய வரைவு இது. இதில் கையெழுத்துச் சந்தேகம் கிடையாது.

வரைவை முதலில் எழுதியபோது அவர் மனதில் இருந்தவர்கள் ஆண்கள் மட்டுமே. ஃபிரான்சிஸின் ஆண் வாரிசுகளுக்கு, பிறகு ஜேனின் ஆண் வாரிசுகளுக்கு, பிறகு கேத்தரினின் ஆண் வாரிசுகளுக்கு என்று போகிறது. வேடிக்கை என்னவென்றால் இவர்களில் ஒருவருக்கும் அப்போது மகன் கிடையாது. பிறக்காத பிள்ளைகளுக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார். நாள் நெருங்க நெருங்க, காத்திருக்க நேரமில்லை என்பது புரிந்தது. தாளில் அந்தத் திருத்தம் பளிச்சென்று தெரிகிறது. ஜேன் பெயரோடு ஒட்டியிருந்த 'எஸ்' எழுத்தை அடித்து, வரிக்கு மேலே 'அண்ட் ஹர்' என்று இரண்டு சிறிய சொற்களைச் செருகியிருக்கிறார். 'ஜேனின் ஆண் வாரிசுகளுக்கு' என்றிருந்தது 'ஜேனுக்கும் அவள் ஆண் வாரிசுகளுக்கும்' ஆயிற்று. ஒரு கீறல், இரண்டு சொற்கள். ஒரு பதின்வயதுப் பெண் இங்கிலாந்தின் அரசி.

அந்த மே மாதம் 25-ஆம் தேதிதான் ஜேனுக்கும், அப்போது ஆட்சியைக் கையில் வைத்திருந்த நார்தம்பர்லண்ட் கோமகனின் மகன் கில்ஃபர்ட் டட்லிக்கும் கல்யாணம் நடந்திருந்தது. மருமகள் அரசியானால் மாமனாருக்கு என்ன லாபம் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் திருத்தம் எட்வர்டின் சொந்த விருப்பமே என்று ஐவ்ஸ் வாதிட்டிருக்கிறார். தாளைப் பார்க்கும்போது அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. மதப் பிடிவாதத்தில் அந்தப் பையன் அப்பாவுக்குக் குறைந்தவனில்லை.

இந்தத் தாளைச் சட்டமாக்கும் வேலைக்கு ஜூன் மாதம் நீதிபதிகளைக் கிரீன்விச் அரண்மனைக்கு அழைத்தார்கள். தலைமை நீதிபதி எட்வர்ட் மான்டேக் பிற்பாடு தம்மைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய வாக்குமூலத்தைத் தாமஸ் ஃபுல்லர் 1655-இல் அச்சிட்டார். பார்லிமென்ட் போட்ட சட்டத்தை மன்னரின் சாசனம் ரத்து செய்யாது, இதை எழுதினால் எழுதியவர், எழுதச் சொன்னவர் எல்லாருக்கும் ராஜத்துரோகம் வரும் என்று மான்டேக் சொல்லியிருக்கிறார். நார்தம்பர்லண்ட் கோபத்தில் நடுங்கிக்கொண்டு உள்ளே வந்து, துரோகி என்று திட்டி, இந்த விஷயத்துக்காக எவனோடும் வெறும் சட்டையோடு சண்டைக்கு நிற்பேன் என்றாராம். கடைசியில் எட்வர்டே கடுகடுத்துக் கட்டளையிட, கிழவர் கண்ணீரோடு பணிந்தார். பணிவதற்கு முன் தமக்கு ஒரு மன்னிப்புச் சாசனம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்ஸ், கிளார்க் வழியில் இவரும்! தன்னைத் தப்புவிக்க எழுதிய வாக்குமூலம் என்பதால் அழுகையைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சட்டக் கருத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி.

ஜூன் 21-ஆம் தேதியிட்ட சாசனத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதி மட்டும் முடியாது என்றார். ஜூலை 6-இல் எட்வர்ட் இறந்தார். 10-இல் ஜேன் அரசி என்று அறிவித்தார்கள். 19-இல் லண்டனே மேரியை அரசியாக அறிவித்தது. ஹென்றியின் ஏற்பாட்டில் சட்டம் இருந்தது, கை இல்லை. எட்வர்டின் தாளில் கை இருந்தது, சட்டம் இல்லை. ஆகஸ்ட் 22-இல் நார்தம்பர்லண்டின் தலையைக் கொய்தபோது அதே நாளில் தலை போன இன்னொருவர் ஜான் கேட்ஸ். உயிலின் முதல் சாட்சி.

மெயிட்லண்டின் கேள்விக்குத் திரும்புவோம். உயில் செல்லுபடியாகும் என்றால் எலிசபெத்துக்கு அடுத்த வாரிசு ஜேனின் தங்கை கேத்தரின் கிரே. ஆனால் கேத்தரினுக்கும் ஒரு தாள் பிரச்சினை. 1560 கடைசியில், காப்பாளர் ஹார்ட்ஃபர்டின் மகனை (அவர் பெயரும் எட்வர்ட் சீமோர்தான்) ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே சாட்சி மாப்பிள்ளையின் தங்கை. அவர் சில மாதத்தில் இறந்துபோனார். நடத்திவைத்த பாதிரியாரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கணவர் எழுதிக் கொடுத்த சொத்துப் பத்திரத்தைக் கேத்தரின் தொலைத்துவிட்டார். நிறைமாதக் கர்ப்பத்தோடு டவர் சிறைக்குப் போய், 1561 செப்டம்பரில் மகனைப் பெற்றார். மறு ஆண்டு மே மாதம் விசாரணைக் குழு கல்யாணம் செல்லாது என்றது. 1568 ஜனவரியில் காவலிலேயே இறந்தார்.

இத்தனைக்கும் நடுவே எலிசபெத் ஒருமுறையும் அப்பாவின் உயிலை வெளியே கொண்டுவந்து சோதிக்கச் சொல்லவில்லை. சாட்சிகள் இல்லாமல் இல்லை. முத்திரை குத்தியபோது உடனிருந்த வில்லியம் ஹெர்பர்ட், பெம்ப்ரோக் பிரபுவாகி, எலிசபெத்தின் ஆலோசனைச் சபையில் உட்கார்ந்திருந்தார். 1570 வரை வாழ்ந்தார். இதே மனிதர்தான் 1553-இல், ஜேன் கல்யாண நாளிலேயே தம் மகனுக்குக் கேத்தரினைக் கட்டிவைத்து, காற்று மாறியதும் அதை ரத்து செய்ய வைத்தவர். உயிலில் ஒப்பமிட்ட மருத்துவர் ஹியூக் எலிசபெத்துக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

எலிசபெத் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதே அவர் கொள்கை. உயில் செல்லும் என்றால் கேத்தரின் கட்சி தலைதூக்கும். செல்லாது என்றால் மேரி ஸ்டூவர்ட் வாசலில் நிற்பார். வாரிசு யார் என்று தெரிந்துவிட்டால் அரண்மனைக் கூட்டம் அங்கே போய் நிற்கும். கேத்தரினுக்காக வாதிட்டு எழுதிய ஜான் ஹேல்ஸை (மேலே சொன்ன நீதிபதி வேறு, இவர் வேறு) 1564-இல் சிறையில் போட்டார்கள். பிற்காலத்தில் வாரிசுப் பேச்சை எடுத்த எம்.பி. பீட்டர் வென்ட்வொர்த் டவரிலேயே செத்தார். மெயிட்லண்ட் கடிதம் எழுதிய ஐந்தே வாரத்தில் மேரி ஸ்டூவர்ட்டின் கணவர் டார்ன்லி கொலையாக, அந்தக் கட்சியே கலைந்தது.

என் தீர்ப்பு இது. உயில் போலி அல்ல, ஆனால் 1544 சட்டம் கேட்ட வடிவத்தில் அது இல்லை. ஒரு நேர்மையான நீதிமன்றம் கிளார்க்கின் பட்டியலையும் மருத்துவரையும் ஒருநாள் விசாரித்திருந்தால், எலிசபெத்துக்குப் பிந்திய வரிசை முழுவதும் விழுந்திருக்கும்.

1603 மார்ச் 24-இல் எலிசபெத் இறந்த அன்றே மேரி ஸ்டூவர்ட்டின் மகன் ஜேம்ஸை மன்னராக அறிவித்தார்கள். அதற்கான ரகசியக் கடிதப் போக்குவரத்தை நடத்தியவர், மெயிட்லண்ட் கடிதம் எழுதிய அதே செசிலின் மகன் ராபர்ட். கேத்தரினின் மகனும் எலினோர் வழி வந்த ஆன் ஸ்டான்லியும் உயிரோடு இருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த ஆண்டு கூடிய பார்லிமென்ட், ஜேம்ஸ் பிறப்புரிமையால் மன்னரானார் என்று சட்டம் போட்டது. ஹென்றியின் உயிலைப் பற்றி அதில் பேச்சே இல்லை.